கீழ்வரிசைக் கோடுகள்

அந்த இசை நாடகத்தைக் குறை சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. எழுபத்தொரு காட்சி பார்த்திருக்கிறேன், எல்லாம் பக்கவாட்டிலிருந்து. முன்னால் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது அரண்மனை. எனக்குத் தெரிந்தது அரண்மனையின் முதுகு. ஒட்டுப்பலகை, சாக்குத்துணி, ஆணி. அப்படிப் பார்த்தும் அது நல்ல வேலைதான். தச்சர் ஆறு தூண் செய்திருந்தார். ஒவ்வொன்றையும் ஒரே ஆள் தூக்கிக்கொண்டு ஓடலாம். விளக்குப் போட்டால் கல் மாதிரி கனக்கும். இருபது மதிப்பெண்ணுக்கு நான் பதினெட்டு கொடுப்பேன்.

ஒளி அமைப்புக்குப் பதினாறு. புயல் காட்சியில் நீல விளக்கு ஒரு நொடி தாமதமாக விழும். பாட்டு வாத்தியத்துக்குப் பத்தொன்பது. உடை அலங்காரத்துக்கு இருபதுக்கு இருபது. என் மனைவி உடை அறையில் தையல்காரி என்பதற்காகச் சொல்லவில்லை. நாயகியின் பாவாடைக் கரையில் நாலாயிரம் மணி. ஒன்றுகூட எழுபத்தொரு காட்சியிலும் உதிரவில்லை.

மதிப்பெண் கணக்கு நானாக உண்டாக்கியதில்லை. பரிசுக்குழுவிலிருந்து மூன்று நடுவர்கள் ஒரு மதியக் காட்சிக்கு வருவதாக இருந்தது. அவர்கள் நிரப்பப்போகும் தாளின் நகலை மேடைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். அரங்கம், ஒளி, இசை, உடை, காட்சி இயக்கம். ஒவ்வொன்றுக்கும் இருபது. காட்சி இயக்கம் என்றால் இந்த நாடகத்தில் நிலவு. நிலவு என்றால் நானும் என் மச்சானும்.

இந்த வாக்குமூலத்தைப் படிக்கப்போகும் ஐயாவுக்கு நிலவு எப்படி வேலை செய்தது என்று சொல்லவேண்டும். அது தராசுதான், வேறொன்றும் இல்லை. ஒரு பக்கம் நிலவு, அதில் உட்கார்ந்திருக்கும் ஆள். மறுபக்கம் இரும்புக் கூண்டு, அதில் கட்டைகள். ஒரு கட்டை ஐந்து கிலோ. காலி நிலவுக்குக் காலிக் கூண்டு சரியாக நிற்கும். முப்பதடி உயரத்தில் ஒரு பரண். அங்கே நின்று கயிற்றைக் கையில் பிடித்து நிலவை மெல்ல விடுகிறவன் மச்சான், என் மனைவியின் தம்பி. கீழே, மேடையின் பக்கக் குழியில் கூண்டுக்குக் கட்டை அடுக்குகிறவன் நான். கூண்டைப் பிடித்து நிறுத்தும் பூட்டும் என் காலடியில்தான். ஆளும் கட்டையும் சரியாக இருந்தால் கயிறு இரண்டு விரலில் நிற்கும். சரியாக இல்லாவிட்டால் மேலே இருப்பவன் பாடு.

அதனால் நிலவில் ஏறுகிறவரை ஒவ்வொரு காட்சியிலும் உடையோடு நிறுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். தராசு பரணில் இருக்கும். மச்சான் நிறுத்து, சிலேட்டில் எழுதி, நூலில் கட்டிக் கீழே இறக்குவான். சிலேட்டின் மேல்பாதியில் எழுத்தால் எழுதுவான்: நாயகி, பத்து. அது மேலாளர் பார்ப்பதற்கு. கீழ்ப்பாதியில் கோடு போடுவான், கட்டைக்கு ஒன்று. அது எனக்கு. எனக்கு எழுத்தும் எண்ணும் தெரியாது என்பது கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். ஒன்பது வயதில் செங்கல் சுமக்கப் போனவன். கோட்டைத் தொட்டுத் தொட்டு எண்ணிக் கட்டை போடுவேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கட்டை பிசகியதில்லை.

மச்சான் கேலிக்காரன். காட்சி தொடங்கும் முன் அவனே தராசில் ஏறி நின்றுகொள்வான்.

"மாமா, எனக்கு எத்தனை கட்டை?" என்று மேலேயிருந்து கேட்பான்.

"பத்துதான். நாயகி அளவு."

"அப்ப பாவாடையையும் எனக்கே குடுத்துடச் சொல்லுங்க. அக்கா தைச்சதுதானே."

ஒல்லியான ஆள். ஐம்பது கிலோவுக்கு மேல் ஏறவே மாட்டான். தின்றதெல்லாம் எங்கே போகிறது என்று அவன் அக்கா கேட்பாள்.

சென்ற வருஷம் நான் எழுத்துப் படித்தேன். சொல்லிக்கொடுத்தவள் என் மனைவி. உடை அறையில் ஒவ்வொரு உடுப்பின் கழுத்துப்பட்டியிலும் துணிச்சீட்டு தைத்திருக்கும். ராணி. தோழி. காவலன். காவலன் என்பதுதான் நான் முதலில் படித்த சொல். மூன்றாவது காவலனின் சட்டையில் பொத்தான் இல்லை என்றும் சேர்த்துப் படித்தேன், அவள் சிரித்தாள். ஐம்பத்திரண்டு வயதில் விரல் மடங்காது. பென்சிலைக் கடப்பாரை மாதிரி பிடிப்பேன். எட்டு மாதத்தில் மெதுவாகப் படிக்க வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவேண்டாம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். ஒருநாள் சிலேட்டு இறங்கி வரும்போது கோட்டைப் பார்க்காமல் மேல்பாதியை உரக்கப் படித்து மச்சானை வாயடைக்க வைக்கலாம் என்று ஆசை.

அந்த ஒருநாள் தொடக்கக் காட்சி நாள்தான் என்று முடிவு செய்திருந்தேன். அன்று காலையில், பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நாடக ஏடு அச்சாகி வந்தது. வழவழவென்ற தாள். உடை அறையில் இஸ்திரி மேசையின் அடியில் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். ஒரு மணி நேரம் ஆனது. முதல் பக்கம் முழுக்க வடிவமைப்பாளர். நிலவைத் தொட்டில் போல லேசாக ஆட்டி இறக்கும் யோசனை அவருக்குக் கனவில் வந்ததாம். அந்த யோசனை ஒத்திகையில் நான் சொன்னது. பக்கக் கயிறு ஒன்றைக் கட்டி ஆட்டிக்காட்டியதும் நான்தான். அவர் அப்போது போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே தலையை ஆட்டினார்.

கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் எல்லோர் பெயரும் இருந்தது. தச்சர், வண்ணம் பூசியவர், தேநீர் கொண்டுவருகிறவர் வரைக்கும். நிலவு இயக்கம் என்ற இடத்தில் ஒரு பெயர்தான் இருந்தது. மச்சானின் பெயர். நான் விரல் வைத்து மூன்று முறை படித்தேன். புதிதாகப் படிக்கக் கற்றவனுக்கு வரி தவறும், அதனால்தான்.

மதியம் மச்சான் ஏட்டை எடுத்துக்கொண்டு குழிக்கே இறங்கி வந்தான். அதே வரியில் விரலை வைத்தான்.

"இங்க பாருங்க மாமா. நிலவு இயக்கம்னு போட்டு, முதல்ல உங்க பேரு, அப்புறம் என் பேரு. பெரியவங்களுக்கு மரியாதை குடுத்திருக்காங்க."

நான் அவன் விரலைப் பார்த்தேன். பிறகு, "நல்லது" என்றேன். அன்று சிலேட்டை உரக்கப் படிக்கவில்லை. அதற்குப் பிறகும் படிக்கவில்லை. இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன், அவ்வளவுதான். மச்சான்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அன்று மாலை என் சாப்பாட்டிலிருந்து அவனுக்குப் பங்கு வைத்தேன், வழக்கம்போல.

என் கோபம் வடிவமைப்பாளர்மேல்தான். நடுவர்கள் வருகிற காட்சிக்கு முந்தின நாள் அவர் எல்லோரையும் மேடையில் கூட்டினார். நாடகம் முடிந்து எல்லோரும் வணங்கும்போது, கடைசியாகத் தானே நிலவில் இறங்கி வரப்போவதாகச் சொன்னார். மேலாளர் கயிறு தாங்குமா என்று கேட்டார். வடிவமைப்பாளர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"அதெல்லாம் தானா இறங்கும். கீழ ரெண்டு பேர் சும்மா நிப்பாங்க, அவ்வளவுதான்" என்றார்.

தானாக இறங்கும் என்று அவர் சொன்னது என் காதில் நின்றுவிட்டது. ஒரே ஒரு தரம் நிலவு குலுங்கினால் போதும், அது தானாக இறங்குவதில்லை என்று நடுவர்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன். காட்சி இயக்கத்துக்கு நாலு மதிப்பெண் குறையும். அவர் முகம் கொஞ்சம் வெளிறும். இதற்குமேல் நான் நினைக்கவில்லை. இதை ஐயா தயவுசெய்து குறித்துக்கொள்ளவேண்டும்.

காட்சி நன்றாகப் போனது. புயலில் நீல விளக்குகூட அன்று சரியாக விழுந்தது. கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது சிலேட்டு இறங்கி வந்தது. வடிவமைப்பாளர் பெரிய சரீரம். சரிகை அங்கியோடு சரியாக நூறு கிலோ. மேல்பாதியில் எழுதியிருந்தது: அய்யா, இருபது. கீழ்ப்பாதியில் இரண்டு வரிசையாகக் கோடு. மேல்வரிசையில் பத்து, கீழ்வரிசையில் பத்து. நான் குழப்பிக்கொள்ளக் கூடாதென்று வரிசைக்கு நடுவில் நல்ல இடைவெளி விட்டிருந்தான். அவன் எப்போதும் அப்படித்தான்.

நான் கட்டைவிரலில் எச்சில் தொட்டு, கீழ்வரிசையை ஒரே இழுப்பில் அழித்தேன். விரல் வெள்ளையானது. கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன். கூண்டில் நாயகிக்குப் போட்ட பத்துக் கட்டை இருந்தது. மேற்கொண்டு எதுவும் போடவில்லை.

"சரியா மாமா?" என்று மேலேயிருந்து கேட்டான்.

"சரி" என்றேன். சரி என்று நான் சொல்லிப் பூட்டை எடுத்த பிறகு அவன் ஒருநாளும் மறுபடி கேட்டதில்லை.

முதல் பத்தடி நிலவு நன்றாகவே இறங்கியது. குலுங்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். நிமிர்ந்து பார்த்தேன். மச்சான் கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றியிருந்தான். எங்கள் தொழிலில் அது செய்யக் கூடாத காரியம். கயிறு போகிற இடத்துக்குக் கையும் போகும். ஆனால் விட்டுவிட்டால் நிலவில் இருப்பவர் விழுவார், அதனால் சுற்றிவிட்டான். ஒரு காலைப் பரணின் கம்பியில் கோத்து, உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு நின்றான். முன்னால் இருந்தவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவன் கத்தவில்லை. கத்தினால் நடுவர்களுக்குக் கேட்கும். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்.

"மாமா, பூட்டு. பூட்டு போடுங்க மாமா."

பூட்டு என் வலது காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மிதித்தால் நின்றுவிடும். நான் நிலவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை எடையோடு ஆட்டமே இல்லாமல் ஒரு நிலவு இறங்குவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இருபதுக்கு இருபது கொடுக்கலாம். எட்டோ ஒன்பதோ எண்ணும் நேரம் போயிருக்கும். பிறகு அவன் கால் கம்பியிலிருந்து கழன்றது. கயிற்றோடு அவனும் கம்பியைத் தாண்டி வந்தான். நிலவுக்குப் பின்னால், பக்கத் திரைக்கு இந்தப்புறம் விழுந்தான். அதனால் முன்னால் இருந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை.

வடிவமைப்பாளருக்குக் கணுக்கால் பிசகியது. நிலவு கடைசியில் தடாலென்று வந்ததையும் வேண்டுமென்றே செய்தது என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். அவர் ஒற்றைக்காலில் நின்று வணங்கினார். காட்சி இயக்கத்துக்குப் பத்தொன்பது விழுந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். பரிசை ஊன்றுகோலோடு போய் வாங்கினார்.

விசாரணை அரை நாளில் முடிந்தது. சிலேட்டு மேசைமேல் இருந்தது. எழுத்தில் இருபது, கோட்டில் பத்து. படிக்கத் தெரியாதவன் கோட்டைத்தானே பார்ப்பான் என்று மேலாளரே எனக்காகப் பேசினார். மச்சான் அவசரத்தில் கோடு குறைத்துப் போட்டுவிட்டான், தன் தவறாலேயே போய்ச் சேர்ந்தான் என்று எழுதினார்கள். எழுதியதை எனக்குப் படித்துக்காட்டினார்கள். நான் அவர்கள் வாயைப் பார்க்காமல் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தார்கள், அதையும் கவனித்தேன். பிறகு மை தடவிய தட்டை நீட்டினார்கள். அதே கட்டைவிரலைத்தான் வைத்தேன்.

என் மனைவி அன்று அழவில்லை. பதினாறாம் நாள், மச்சானின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"சிலேட்டுல இருபதுன்னு எழுதியிருந்துச்சாமே. எழுத்துல."

ஆமாம் என்றேன்.

"இருபதுன்னு படிக்க உனக்குத் தெரியுமே. நான்தானே சொல்லிக்குடுத்தேன்."

அவசரத்தில் பழக்கதோஷம், கோட்டைத்தான் பார்த்தேன் என்றேன். பிறகு, தேவையே இல்லாமல், ஏட்டில் அவன் செய்ததையும் சொன்னேன். என் பெயர் இல்லாத இடத்தில் என் பெயரைப் படித்துக்காட்டியதை. அவள் மடித்த சட்டையை மறுபடி பிரித்தாள்.

"இடம் பத்தலைன்னு ஆபீஸ்ல வெட்டிட்டாங்க. உன் மனசு நோகக் கூடாதுன்னு அப்படிச் சொன்னான். அடுத்த அச்சுல சேர்க்கச் சொல்லி ரெண்டு தரம் போய் நின்னான். உங்கிட்ட சொல்லாதேன்னுதான் எங்கிட்ட சொன்னான்."

அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியாது.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. நேற்றுக் காலை உடை அறையின் அளவு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பென்சிலைச் சீவி மேலே வைத்தாள். "வாயால சொல்லாதே. எழுது. நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். இத்தனை பெரிதாக நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் அவள் திருத்தமாட்டாள், ஐயா பொறுத்துக்கொள்ளவேண்டும்.

மச்சான்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். குலுக்கத்தான் நினைத்தேன் என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் அடிக்காமல் அப்படியே விடுகிறேன். ஆனால் இருபத்திரண்டு வருஷமாகக் கட்டை அடுக்குகிறவன் ஒன்றை மறைக்க முடியாது. ஒரு நிலவைக் குலுக்க இரண்டு கட்டை குறைத்தால் போதும். நான் குறைத்தது பத்து. பத்துக் கட்டை யாருடைய எடை என்று காட்சிக்குக் காட்சி மேலேயிருந்து அவன் கேட்பான், கீழேயிருந்து நான்தான் சொல்வேன்.