ஆறு மணி நேரப் பாட்டு

மச்சினன்: பொறுங்க மாமா, பொறுங்க… இந்தச் சின்னக் காருக்கு எட்டு ஸ்பீக்கரா? இது காரா, சினிமாக் கொட்டகையா?

மாமா: நாலு கதவுல நாலு, பின்கண்ணாடிகிட்ட ரெண்டு, முன்னாடி ரெண்டு. நோட்டுல வரைஞ்சு வச்சிருக்கேன் பாரு.

மச்சினன்: பார்த்தேன். பேட்டரியை ஏன் டிக்கியில வரைஞ்சிருக்கீங்க?

மாமா: அது ஆம்ப்ளிஃபயர்டா! பேட்டரி இந்தா, முன்னாடி.

மச்சினன்: இவ்வளவு பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு இந்த நூல் மாதிரி வயரா? சூடேறி உருகிடும். பேட்டரி பக்கத்துலயே ஒரு ஃபியூஸும் போடணும். இல்லேன்னா பாட்டு வர்றதுக்கு முன்னாடி புகை வரும். பேசாம கடையில குடுத்தா…

மாமா: கடைக்காரன் பாதி சத்தம் போதும்பான். நானே போட்டுக்கறேன். சனிக்கிழமைக்குள்ள முடியணும். ஞாயித்துக்கிழமை உங்க அக்காவைக் கூட்டிட்டு வரணும்ல.

மச்சினன்: ஞாயித்துக்கிழமையா?

மாமா: என்னடா முழிக்கிறே?

மச்சினன்: அவ எங்க வீட்டுக்கு வந்து ஒரு மாசம் ஆச்சேன்னு…

மாமா: முப்பத்திநாலு நாள்.

மச்சினன்: வரேன்னு சொன்னாளா?

மாமா: மெசேஜ் போட்டேன். பதில் இல்ல. மௌனம் சம்மதம்தானே?

மச்சினன்: அக்காவுக்குச் சத்தமே ஆகாதே மாமா. மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்குவா.

மாமா: பழகிக்குவா. ஆறு மணி நேரப் பயணம். ஒரு நிமிஷம்கூடப் பாட்டு நிக்கக் கூடாது.

மச்சினன்: அவ்வளவு நேரம் ரெண்டு பேரும் தனியா வர்றீங்க… பேசிட்டு வரலாம்ல?

மாமா: நீ முதல்ல இந்தக் கயித்தைப் பிடி. வயர் எவ்வளவு நீளம் வேணும்னு அளக்கணும். என்ஜின் பக்கத்துலேருந்து நீ விடு. நான் டேஷ்போர்டுக்கு அடியில குனிஞ்சு, வயர் உள்ளே வர்ற ஓட்டையைத் தேடறேன்.

மச்சினன்: குனிஞ்சுட்டீங்களா? அப்படியே இருங்க மாமா. உங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல… அக்கா வர மாட்டா. அதைச் சொல்லத்தான் என்னை அனுப்பிச்சா.

மாமா: …

மச்சினன்: கூப்பிட்டா திரும்புறதில்ல, கேட்டா பதில் இல்ல, ரெண்டு வருஷமா செவுத்தோட குடும்பம் நடத்தினேன்னு அழுவுறா. நீங்க ஒரு வார்த்தை, போகாதேன்னு…

மாமா: ஓட்டை கிடைச்சிடுச்சு மாப்ளே! கயித்தைத் தள்ளு!

மச்சினன்: மாமா, நான் சொன்னது…

மாமா: தள்ளுடா! தூங்கிட்டியா?

மச்சினன்: அக்கா வர மாட்டா மாமா!

மாமா: இன்னும் கொஞ்சம்… ஆங், வந்துடுச்சு.

மச்சினன்: …மாமா? மாமா!

மாமா: ஏன்டா தோளைப் பிடிச்சு உலுக்குறே? தலை இடிச்சிடுச்சு பாரு.

மச்சினன்: இப்ப நான் என்ன சொன்னேன்?

மாமா: கயிறு பத்தலைன்னு…

மச்சினன்: கயித்தைப் பத்தி நான் வாயே திறக்கல. எத்தனை நாளா மாமா?

மாமா: எது?

மச்சினன்: எத்தனை நாளா காது கேக்கல?

மாமா: …ரெண்டு வருஷமா மங்கிட்டே வந்துச்சு. இப்போ சுத்தமா இல்ல.

மச்சினன்: அக்காகிட்ட சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?

மாமா: சொன்னா பாவம் பார்த்துக் குடும்பம் நடத்துவா. அதுக்குத் திட்டிட்டே நடத்தட்டும்னு விட்டுட்டேன்.

மச்சினன்: அப்புறம் இந்த எட்டு ஸ்பீக்கர் யாருக்கு?

மாமா: எதிர்ல நின்னா வாயைப் பார்த்துச் சமாளிச்சுடுவேன்டா. வண்டி ஓட்டும்போது ரோட்டைத்தானே பார்க்கணும்? ஆறு மணி நேரம் பக்கத்துல உக்காந்து பேசுவா. பாட்டு அலறினா, கேக்கலைன்னு சொல்ல ஒரு சாக்காவது இருக்கும்ல… அது கிடக்கட்டும். நான் குனிஞ்சிருந்தப்ப என்னவோ சொன்னியே, என்னது? இப்படித் திரும்பி, மெதுவாச் சொல்லு.