ஏழாம் தொட்டி

மான் தண்ணீர் குடிக்கும்போது சத்தமே வராது. மாடு உறிஞ்சும், நாய் சளப் சளப்பென்று நக்கும். மான் வாய் வைத்து எடுப்பது பக்கத்தில் நின்றால்கூடக் கேட்காது. அவ்வளவு பயந்த பிராணி. நானும் பயந்த சுபாவம்தான் சார். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

அந்த வறண்ட காட்டில் இருக்கும் ஏழு தொட்டிகளையும் கட்டியவன் நான். மேட்டில் தரைக்கடியில் பெரிய சிமெண்ட் தொட்டி, ஆள் இறங்கிச் சுத்தம் செய்ய மேலே தாழ்ப்பாள் போட்ட இரும்பு மூடி. அதிலிருந்து குழாய் வழியாகக் கீழே இருக்கும் ஆழமில்லாத குடிதொட்டிக்குத் தண்ணீர் வரும். குடிதொட்டியின் ஒரு பக்கத்தைச் சரிவாகக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே விழுந்த குட்டி ஏறி வர முடியாது. பதினெட்டு வருஷத்தில் ஒரு குட்டியைக்கூட நான் அப்படிச் சாகவிட்டதில்லை.

மழையில்லாத மாதங்களில் டேங்கர் லாரியில் கொண்டுபோய் நிரப்புவோம். லாரியையும் பம்பையும் பார்த்துக்கொண்டவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். துறுதுறுவென்று இருப்பான். சேர்ந்த இரண்டாம் நாளே எனக்குத் 'தண்ணி மந்திரி' என்று பேர் வைத்துவிட்டான். அதில் எனக்கு வருத்தமில்லை.

இந்தக் கோடையில் வனத்துறை அலுவலகம் கொடுத்த கேமராக்களைத் தொட்டிகளுக்குப் பக்கத்து மரங்களில் கட்டினான். ஒரு மாதம் கழித்து லாரிக்குள் உட்காரவைத்துப் படங்களைக் காட்டினான். மான்கள் வந்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் புதருக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றிரண்டு தொட்டியில் இல்லை, ஏழிலும்.

"தப்பா நினைக்காதீங்க அத்தான். வேட்டைக்காரன் காடெல்லாம் அலைய வேண்டியதே இல்ல. நம்ம தொட்டிகிட்ட வந்து உக்காந்தா போதும். திங்கக்கிழமை ரேஞ்சர்கிட்ட காட்டப்போறேன். தொட்டியெல்லாம் மூடிடுவாங்க. மூடட்டும், அதுதான் நல்லது."

"அப்ப பதினெட்டு வருஷமா நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"உங்களுக்குத் தெரியாதில்ல அத்தான்" என்று தோளைத் தட்டினான்.

தெரியாது என்றுதான் நானும் சொன்னேன். இத்தனை வருஷத்தில் வெடிச்சத்தம் கேட்டதே இல்லையா என்று அவன் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

அன்று வெள்ளிக்கிழமை. ஏழாம் தொட்டியில் விரிசல் இருந்தது உண்மை. தண்ணீர் வற்றிக் காலியாகக் கிடந்ததால், அதைப் பூச அவன் உள்ளே இறங்கினான். பூசி முடித்துவிட்டேன் என்று குரல் கொடுத்ததும் வாளியை மேலே வாங்கினேன். அப்படியே ஏணியையும் இழுத்துக்கொண்டேன். சும்மா ஒரு மிரட்டல்தான். படத்தைக் காட்ட மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஏணியைப் போட்டிருப்பேன். முதலில் சிரித்தான். பிறகு திட்டினான். அப்புறம் போலீஸ் என்றான். அந்த வார்த்தையைக் கேட்டதும் ஏணியைத் தூரப் போட்டேன். மூடியைப் போட்டுத் தாழிட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் திறக்கலாம் என்றுதான்.

என் சிக்கல் உங்களுக்குப் புரியும். ஐந்து நிமிஷத்தில் திறந்திருந்தால் விளையாட்டு என்று சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரம் ஆன பிறகு அப்படிச் சொல்ல முடியுமா? நேரம் போகப்போக, அவன் வெளியே வந்து சொல்லப்போவது பெரிதாகிக்கொண்டே போனது. உள்ளே இருந்தவன் அவன். பயம் முழுக்க எனக்கு.

வேலை முடியவில்லை, அங்கேயே கொட்டகையில் தங்கிவிட்டான் என்று மனைவியிடம் சொன்னேன். "போன் எடுக்க மாட்டேங்கிறானே" என்றாள். அங்கே டவர் கிடைக்காது என்றேன். போன் லாரியில் கிடந்தது. சனிக்கிழமை காலை இரண்டு டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொடுத்தாள். "சின்ன டப்பா தம்பிக்கு. அவன் காரம் தின்ன மாட்டான், தனியா செஞ்சிருக்கேன்."

மூடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தான், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அக்கா மேல சத்தியம். ஏணியப் போடுங்க."

குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு நிதானமாகப் பேசுகிறவன் வெளியே வந்தால் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவான். மனைவி ஆசையாகக் கட்டிக்கொடுத்தது வீணாகக்கூடாதே என்று சின்ன டப்பாவையும் நானே சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஏணி கேட்கவில்லை. "கொஞ்சம் தண்ணி அத்தான்" என்று மட்டும் கேட்டான். ஏழாம் தொட்டிக்கும் அன்றுதான் முறை. டேங்கர் குழாயைப் பொருத்தித் திறந்துவிட்டேன். எட்டாயிரம் லிட்டர், விளிம்பு வரைக்கும். லாரி இரைச்சலில் வேறெதுவும் காதில் விழவில்லை. விரிசலை அவன் நன்றாகத்தான் பூசியிருந்தான். ஒரு சொட்டு கசியவில்லை.

திங்கட்கிழமை, ஆளைக் காணோம் என்று ரேஞ்சரிடம் நானே போய்ச் சொன்னேன். படங்கள் இருந்த மெமரி கார்டை அதற்கு முன்பே உடைத்துவிட்டேன். மனைவி சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டிகளை யாரும் மூடவில்லை.

பதினோரு நாள் ஒரு குறையுமில்லாமல் போனது. பிறகு ஏழாம் குடிதொட்டிக்குத் தண்ணீர் வருவது நின்றுவிட்டது. மேலே நிறைய இருக்கிறது, கீழே வரவில்லை. குழாயின் வாயில் அடைப்பு. மூடியைத் திறந்து நீளக் கொக்கியை விட்டு எடுத்தால் ஐந்து நிமிஷ வேலை. மூன்று முறை போனேன். தாழ்ப்பாளில் கை வைத்ததும் உள்ளேயிருந்து 'அத்தான்' என்று கேட்டது. கேட்டிருக்காது, தெரியும். ஆனாலும் மூன்று முறையும் ஓடிவந்து லாரிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். நேற்று ஒரு பெண்மான் குட்டியோடு வந்து காய்ந்த சிமெண்டை நக்கிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. எனக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறதே.

அதனால்தான் வந்தேன் சார். அவனைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு ஆளை அனுப்புங்கள். குழாய் வாயில் இருப்பது அவன் சட்டையாகத்தான் இருக்கும். அவனை வெளியே எடுத்துவிட்டு மூடியை நன்றாக மூடச் சொல்லுங்கள். தண்ணீரை மட்டும் கொட்டிவிட வேண்டாம், மான்களுக்கு வேறு கதியில்லை.