பாக்கியலெட்சுமி கொண்டுவந்த கடிதம்

பாக்கியலெட்சுமி வந்தது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு என்பது நிச்சயம். மற்றவற்றில் பிழை இருந்தால் என் வயதைக் காரணமாகக் கொள்ளுங்கள்.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்துச்சாலையைப் பார்த்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அப்போது பதினாறு வருடம். யாருக்கு நோய் வந்தாலும் முதலில் என்னிடம் வருவார்கள்; நான் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் பதுளை ஆஸ்பத்திரி. சட்டம் என்பதைவிட அது ஒரு மரியாதை.

கொழுந்துக் கூடையின் கயிறு பெண்களின் உச்சந்தலையில் மாட்டப்படும். அந்தப் பாரம் வருடக்கணக்கில் கழுத்தில் இறங்கினால் எலும்பு நரம்பை நசுக்கும், கை மரத்துப்போகும். அதற்கு என்னிடம் ஒரு வழி இருந்தது. பதுளை பஜாரில் சலூன் வைத்திருந்த ஜௌபர், முடி வெட்டியதும் கழுத்தைத் திருப்பி ஒரு சொடுக்கு எடுப்பார். பார்த்துப் பழகிக்கொண்டேன். பலருக்குச் சுகமானது.

பாக்கியலெட்சுமி என் துண்டு இல்லாமலே பதுளைக்குப் போய்விட்டாள். அங்கே டாக்டர் கொடுத்த கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அதை வாசித்துச் சொல்ல அவளுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. கணவன் சன்னாசியோடு வந்து நின்றாள்.

“வெரலு ரெண்டும் செத்த மாதிரி இருக்குங்க ஐயா. கொழுந்த கிள்ளுனா கிள்ளுனதே தெரியல. என்னா எழுதியிருக்காங்க?”

“கைய காட்டப் போனா கழுத்த படம் புடிச்சு அனுப்பியிருக்காங்க,” என்றான் சன்னாசி.

“இவரு பெரிய டாக்டரு. மொதல்ல இவரு நாக்குக்கு ஒரு சொடுக்கு எடுங்க ஐயா,” என்றாள் அவள்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடிதத்தில் மூன்று வரிகள். கழுத்தெலும்பு ஒன்று நகர்ந்திருக்கிறது. கழுத்தை யாரும் திருப்பக் கூடாது. உடனே கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும். கிழமை மறந்துபோன எனக்கு இவை மறக்கவில்லை.

துண்டு எழுதும் பேனா மேசையில்தான் இருந்தது. என் கை அதன் பக்கம் போகவில்லை. போகாததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒண்டும் பயமில்லை எண்டுதான் எழுதியிருக்கினம்,” என்றேன். “அந்த வாங்கில இரும். நான் எடுத்துவிடுறன்.”

வாங்கில் உட்கார்ந்து கண்ணை மூடி, தலையை என் கைகளில் விட்டாள். சொடுக்கின் சத்தம் எப்போதும் போலத்தான் கேட்டது.

“ஐயா, என் காலு எங்கங்க?” என்றாள்.

லொறியில் ஏற்றும்போது சன்னாசி கடிதத்தைக் கேட்டான். தேடிப் பார்க்கிறேன் என்றேன். அது என் சட்டைப்பையில் இருந்தது. விசாரிக்க வந்தவர்களிடம், பதுளையிலிருந்து திரும்பும்போது பஸ் குலுங்கியிருக்கலாம் என்றேன். நடக்கக்கூடியதுதான், பாதை அப்படி.

கோபத்தில் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் இருந்திருந்தால் அவளைத் திருப்பி அனுப்பியிருப்பேன். என்னிடமே திரும்பி வந்தவளைக் கைவிட மனம் வரவில்லை.

பாக்கியலெட்சுமி ஐந்து வருடம் லயத்து வீட்டில் படுத்திருந்து, இரண்டாயிரத்து மூன்றில் இறந்தாள். அதுவரை சன்னாசி ஒவ்வொரு காலையும் அவளைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டுத்தான் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனான். இப்போது எல்ல என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் பூச்செடி பார்க்கிறான். ஜௌபர் சலூனை மூடிவிட்டார். நான் ஓய்வுபெற்ற அன்று எனக்கு முதல் மாலை போட்டது சன்னாசி. கடிதம் பத்திரமாக என்னிடம் இருக்கிறது. யாராவது கேட்டிருந்தால், உள்ளதை உள்ளபடி வாசித்துச் சொல்லியிருப்பேன்.