பதில் வரும்வரை காத்திருக்கும் பெட்டி

மேடையில் அமர்ந்திருக்கும் துறைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

நம் கணினித் துறையின் மூத்த பொறியாளரை, நாம் எல்லோரும் கிடங்குக்காரர் என்று கூப்பிட்ட பெரிய மனிதரைப் பற்றி, அவருடைய இந்த நினைவுக் கூட்டத்தில் பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். எதற்குக் கிடங்கு? ஒருங்கே இயங்கும் தருக்க நிரல்மொழிகளுக்கு. அந்த மொழிகளில் பல வேலைகள் ஒரே நேரத்தில் கிளம்பும். தனக்கு வேண்டிய விவரம் வந்து சேராத வேலை தோற்றுப்போகாது, காத்திருக்கும். அவருடைய குணமும் அதுதான்.

உலகம் கைகழுவிவிட்ட மொழிகள் அவை. அவற்றை ஓடவைக்கும் தொகுப்பிகளையும் கையேடுகளையும் தேடி அலைந்தவர் யார்? மூடிப்போன ஆய்வகத்தின் காந்த நாடாவைக் கெஞ்சி வாங்கி, பூஞ்சை துடைத்து, உயிர்கொடுத்தவர் யார்? கிடங்குக்காரர்! அவை கிடைக்கும் இடங்களை ஒரு பட்டியலாக எழுதி வைத்திருந்தார். அதில் ஏதாவது இணைய முகவரி செத்துவிட்டால், "எடுத்துடுங்க அண்ணா" என்போம். "செத்துப்போச்சுன்னு யார் சொன்னா? பதில் வரல, அவ்வளவுதான்" என்பார். அதற்கு எதிரே 'காத்திருக்கிறது' என்று எழுதுவார். ஒன்றைக்கூட அவர் அழித்ததில்லை.

அவர் வீட்டு அறையில் ஒரு கணினி. வாரந்தோறும் அது எல்லா மென்பொருள் ஆசிரியர்களுக்கும் அஞ்சல் அனுப்பும்: "நலமா? உங்கள் மென்பொருள் இன்னும் கிடைக்குமா?" அவரும் ஒரு சின்னத் தொகுப்பி எழுதியவர் அல்லவா? விளையாட்டாகத் தன் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தார்.

இன்று காலை அண்ணி என்னை அழைத்தார். அந்தக் கணினிப் பெட்டியின் விசிறிச் சத்தம் கேட்டால் அவர் உள்ளே இருப்பதாகவே தோன்றுகிறதாம். சாப்பிடக் கூப்பிடக் கதவைத் தட்டியும்விட்டாராம்.

"அணைச்சிடலாம்னு போனேன் தம்பி. அப்பப் பார்த்து அவர் போன் சத்தம் போட்டுச்சு. நலமான்னு அவரையே கேட்டிருக்கு. நான் என்ன பதில் போடட்டும்?"

அணைத்தால், பதிலுக்காக உள்ளே காத்திருக்கும் வேலைகள் அத்தனையும் அழிந்துபோகும். அணைக்காவிட்டால், அண்ணி அந்த வீட்டில் எப்படி இருப்பார்?

அண்ணி, இந்தச் சபை முன்னால் சொல்கிறேன். நாளை நாங்கள் வருகிறோம். மின்கலத்தோடு சேர்த்து, ஓடியபடியே அந்தப் பெட்டியைத் துறைக்குத் தூக்கிவருகிறோம். அந்த மென்பொருள்களைக் கேட்டுவருகிறவர்களுக்கு இனி நாங்கள் எடுத்துக் கொடுப்போம். காணாமல்போனவற்றை நாங்கள் தேடுவோம். அவருடைய போனையும் கொடுத்துவிடுங்கள். பெட்டியின் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அடுத்த வாரமும் பெட்டி அவரை நலமா என்று கேட்கும். பக்கத்திலேயே போன் ஒலிக்கும். நீங்கள் பதில் போட வேண்டாம் அண்ணி, நாங்களும் போடமாட்டோம். அவர் பெயருக்கு எதிரே 'காத்திருக்கிறது' என்றே இருக்கும்.