மானாப்புல்லு மெத்தை

கிட்ட வாங்கய்யா. இன்னும் கொஞ்சம் கிட்ட. அந்த ஓரம் வேணாம், தகரத்துல இருந்து கரி உதுரும், உங்க வெள்ளைக் கோட்டு கெட்டுப் போயிரும். இப்படி இஸ்தோப்புல, வாசத் திண்ணையில, என் பக்கத்துலயே ஒக்காருங்க. இந்தப் பலகை சுத்தமான பலகைதான், என் மருமக காலையில கழுவிப்போட்டா. நீங்க கிட்ட இருந்தா எனக்கும் சவுகரியம். காது கொஞ்சம் மந்தம்யா.

தெரியும்யா. எதுக்கு வந்திருக்கீங்கன்னு வரிசை வீடா நிக்கிற இந்த லயத்துல கோழிக்குஞ்சுக்கும் தெரியும். நேத்துக் காலையில பேரு கூப்புடுற பெரட்டுலயே கங்காணி சத்தம் போட்டுச் சொல்லிட்டாரு. விஷக்காச்சல் பரவுது, தும்முறவங்க, இருமுறவங்க, மேலு காயுறவங்க எல்லாரையும் மேட்டுக் கொட்டகையில கொண்டு போடணும், தோட்டத்துத் தொரை உத்தரவு, புது டாக்டரய்யா ஒவ்வொரு அறையா, காம்பரா காம்பராவாப் பாக்க வருவாருன்னு. இந்தக் கடைசிக் காம்பராவுல ஒரு புள்ளை தும்முதுன்னு உங்ககிட்டச் சொன்னதும் அவராத்தான் இருக்கும். பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். தும்முறா. என் பேத்தி கனகுதான். ஆறு வயசு.

அந்தா, உள்ள மூலையில, கம்பிளியப் போத்திப் படுத்திருக்கா பாருங்க. நீங்க வந்து நிக்கும்போது அவ ஆத்தா தட்டித் தூங்க வச்சிக்கிட்டு இருந்தாளே. தண்ணிக் கொடத்தை எடுத்துக்கிட்டு உங்களைத் தாண்டிப் போனா பாருங்க, அவதான் வேலாயி, என் மருமக.

வேணாங்கய்யா. இப்ப எழுப்பாதீங்க. ராத்திரி பூரா தூங்காத புள்ளை. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நான் சொல்றதை மொதல்ல கேட்டுருங்க. அப்புறம் நீங்களே உள்ள போயி நெத்தியில கைய வச்சுப் பாருங்க. சுட்டுச்சுன்னா டோலிக்காரங்களைக் கூப்புடுங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன். அது வரைக்கும் அவங்க அந்த லயத்து முக்குலயே நின்னு வெத்தலை போடட்டும்.

அய்யாவுக்கு எந்த ஊரு? யாழ்ப்பாணமா. நெனச்சேன். அப்ப இந்த ஊவாப் பக்கத்து மானாப்புல்லு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. எதுத்தாப்புல பாருங்க, தேயிலை முடியிற எடத்துல இருந்து மலை உச்சி வரைக்கும் ஆளு ஒசரத்துக்கு நிக்குதே, அதான். ஆடிக்காத்து ஓஞ்சும் ஓயாம இருக்கிற இந்த ஆவணியில அது பூக்கும். பூன்னா மல்லிப்பூ மாதிரியில்ல. கதிரு மாதிரி, பழுப்பா. காத்தடிச்சா அதுல இருந்து தூசி பொகையாட்டம் கெளம்பும். இந்த லயத்துல முன்னூறு பேரு இருக்கோம், ஒருத்தருக்கும் அது ஒண்ணும் பண்ணாது. எங்க கனகுக்கு மட்டும் ஆகாது.

நானா? டோலிக்காரங்களையே பாக்குறேனா? சும்மாதான்யா.

சரி, மறைச்சு என்ன ஆகப்போகுது. பயந்தான்யா. நீங்க வந்து பத்து நாளுதான் ஆகுது. போன மாசம் நடந்தது உங்களுக்குத் தெரியாது. எங்க காம்பராவுக்குப் பின்னால, இந்தச் செவத்துக்கு அந்தப்பக்கம், மாடசாமியும் தனலெட்சுமியும் இருக்காங்க. அவங்களுக்கு ஒரு பய. அடுப்புப் பொகையில எப்பவும் இருமுற பய, பொறந்ததுல இருந்தே அப்படித்தான். பழைய டாக்டரய்யா இருமலைக் கேட்டாரு, தூக்கிட்டாரு. மேல ஒரே கொட்டகை. காச்சல்காரங்க பாயும் இவன் பாயும் ஒட்டி ஒட்டி. போகையில காச்சல் இல்லாமப் போன புள்ளைய்யா. ஒம்பதாம் நாளு துணியில சுத்திக் கொண்டாந்தாங்க. மொகத்தைக்கூடக் காட்டல. உங்க மேல குத்தம் சொல்லல. அந்த டாக்டரும் அதே காச்சல்லதான் போயிட்டாரு, பாவம். ஆனா கொட்டகைன்னு நீங்க சொன்னா எனக்கு அந்தத் துணி மூட்டைதான் கண்ணு முன்னால வருது.

இருங்க, சாயத்தண்ணி ஊத்துறேன், பால் இல்லாத தேத்தண்ணிதான். கருப்பட்டி இருக்கு. அடுப்பு இங்கயே இஸ்தோப்புலதான், எந்திரிக்க வேணாம் நீங்க.

மூணு வயசுலதான்யா மொத மொதல்ல வந்துச்சு. காலையில எந்திரிச்சா தும்மலு. ஒண்ணு ரெண்டு இல்ல, இருவது, முப்பது. மூக்குல தண்ணி ஊத்துப் பீலி மாதிரிக் கொட்டும். கண்ணு ரெண்டும் கோவைப்பழம். தேச்சுத் தேச்சு எமையெல்லாம் வீங்கிப் போகும். நான் என்ன நெனச்சேன், கண்ணு பட்டுருச்சுன்னு நெனச்சேன். புள்ளை அழகுய்யா, பாத்தவன் கண்ணு படத்தான் செய்யும். உப்பும் மொளகாயும் சுத்தி இந்த அடுப்புலயே போட்டேன். அந்தக் கமறல்ல லயமே வெளிய ஓடிருச்சு. புள்ளைக்கு மூச்சே நின்னு வந்துச்சு. வேலாயி அன்னைக்கே மொளகா டப்பாவை மட்டும் எடுத்து என் கைக்கு எட்டாத ஒசரத்துல வச்சா.

அடுத்த வருசம் நான் பண்ணினதுதான் பெரிய காரியம். கேளுங்க, சிரிக்கக் கூடாது. புள்ளைக்குக் குளிருதான் சேரலைன்னு முடிவு கட்டிட்டேன். இந்த மண்ணுத் தரை பனிக்கட்டி மாதிரி இருக்கும். அதுக்கு என்ன செஞ்சேன், ஒரு ஞாயித்துக்கெழமை மலைக்குப் போயி மானாப்புல்லு அறுத்தேன். எங்க ஆளுங்க எல்லாம் கூரைக்கும் அதைத்தான் போடுவோம், கன்னுத் தேயிலைக்கு அடியில பரப்புறதும் அதுதான், மாட்டுக்குப் படுக்கையும் அதான். நான் அதுலயும் நல்லதாப் பாத்து, மெத்து மெத்துன்னு இருக்கணும்னு, பூத்த கதிரா ஒடிச்சு, அரிசிச் சாக்குல அடைச்சு, மெத்தை தச்சேன். ரெண்டு நாளு தச்சேன்யா, வெரலு முச்சூடும் ஊசிக் குத்து. மிச்சம் இருந்த புல்லை செவத்து ஓட்டையில எல்லாம் திணிச்சேன், காத்து வரக்கூடாதுன்னு. நோவை வெளிய தொரத்துறேன்னு உள்ள வச்சு அடைச்சேன்.

அன்னைக்கு ராவு புள்ளை நெஞ்சு கொல்லன் துருத்தி மாதிரி ஏறி எறங்குச்சு. விசிலு அடிச்ச மாதிரி சத்தம். நான் என்ன பண்ணினேன், இன்னும் குளிருது போலன்னு மெத்தையில நல்லா அமுக்கிப் படுக்க வச்சேன். ஒரு வாரம். ஒரு வாரம்யா.

யாரு தும்மினது? இப்பவா? அது பின்னால மாடசாமி. மூக்குப்பொடி போடுற ஆளு. இந்தக் காம்பராச் செவரு கூரை வரைக்கும் போகாதுல்ல, மேல ஒரு ஆளு புகுற அளவுக்கு எடைவெளி கெடக்கு பாருங்க. அவரு தும்மினா எங்க சோத்துல விழும். ஒக்காருங்கய்யா. கம்பிளிதான் அசையவே இல்லையே, நீங்களே பாத்தீங்கல்ல. இந்தாங்க, சாயம் ஆறிரும்.

எங்க விட்டேன். ஆங், மெத்தை. கண்டுபுடிச்சது வேலாயிதான். எழுதப் படிக்கத் தெரியாத பொண்ணு. கொழுந்து எடுக்கப் போயிட்டு அந்தியில வர்றவ. ஆனா கண்ணு மட்டும் சும்மா இருக்காது. மழை பேஞ்ச அன்னைக்குப் புள்ளைக்குத் தும்மல் கொறையுது, பாத்துக்கிட்டா. அவ மடியில தூங்கினா மூச்சு சீரா இருக்கு, மெத்தையில போட்டா விசிலு அடிக்குது, அதையும் பாத்துக்கிட்டா. ஒரு ஞாயிறு மத்தியானம், இதே இஸ்தோப்புல, வெயிலு சாய்வா விழுற நேரம், மெத்தையைத் தூக்கியாந்து போட்டு ஓங்கி ஒரு தட்டு தட்டினா. மஞ்சத் தூளு மாதிரி வெயில்ல எந்திரிச்சு நின்னுச்சு பாருங்க. கனகு வாசல்ல நின்னா. பதினோரு தும்மலு. நானே எண்ணினேன். வேலாயி என்னையத் திரும்பிப் பாத்து, மாமா, புள்ளைய நோவு மேலயே படுக்க வச்சிருக்கீங்கன்னா. அவ்வளவுதான் சொன்னா. அதுக்கு என்னைய நாலு அடி அடிச்சிருக்கலாம்.

அன்னையில இருந்து அவ வச்சதுதான் சட்டம். செவத்துல திணிச்ச புல்லை எல்லாம் புடுங்கி மண்ணு பூசினா. தொவைச்ச துணிய எல்லாரும் மானாப்புல்லு மேல விரிச்சுத்தானே காயப் போடுவோம், அது கூடாதுன்னுட்டா. காம்பராவுக்குள்ளயே கொடி கட்டினா. கொழுந்து எடுத்துட்டு வந்தா இடுப்புல கட்டுற படங்குச் சாக்கை வெளியவே அவுத்துப் போட்டு, மொகம் கழுவி, சீலை மாத்திட்டுத்தான் புள்ளையத் தொடுவா. நான் மலைப்பக்கம் போயிட்டு வந்தாலும் அதே சட்டந்தான். ஒருநாளு மறந்து உள்ள போயிட்டேன், மாமா ஆத்துலயே படுத்துக்கிறீங்களான்னு கேட்டா. வாசலுக்கு ஈரச்சாக்குத் தொங்கவிட்டா, தூசி அதுல படிஞ்சிரும். அந்தா, அதுதான், இன்னும் ஈரமா இருக்கு தொட்டுப் பாருங்க. சுட வச்சு ஆறின தண்ணியில வெள்ளைத் துணிய நனைச்சுக் கண்ணைத் தொடைப்பா. அந்தத் தண்ணியிலயே ஒரு கல்லு உப்பைப் போட்டு மூக்கைக் கழுவி விடுவா. புள்ளை கத்தும். ஆனா கழுவினப்புறம் தூங்கும்.

போன வருசம் நல்லா இருந்தாய்யா. இந்த வருசமும் நல்லாத்தான் இருக்கா. காலையில நாலு தும்மலு, அஞ்சு தும்மலு. மேலு சுடாது. பசிச்சாக் கேட்டுச் சாப்புடுறா. காச்சல்காரப் புள்ளை ரொட்டிக்கு அழுமா, நீங்களே சொல்லுங்க. இப்படி ஒரு நேரத்துல அந்த நாலு தும்மலே போதும்னு ஆயிருச்சே. நாலு நாளா நாங்க தூங்கல. புள்ளைக்குத் தும்மல் வந்தா வேலாயி வாயப் பொத்துவா. அதுக்கு வெளையாட்டுன்னு நெனப்பு, சிரிக்கும். எனக்கு அந்தச் சிரிப்பைப் பாக்க முடியல.

வேலாயி இன்னும் வரலியேன்னு பாக்குறீங்க. பீலியில கூட்டமா இருக்கும்யா. இந்த வரட்சியில ஒரு கொடம் ரொம்ப நேரமாகும்.

எம் மகனா? இருக்கான். வண்டிக்காரன். தேயிலைப் பொட்டி ஏத்திக்கிட்டுப் பதுளைக்குப் போனான். திரும்பி வரும்போது காச்சல் ஊருல இருந்து வர்றவன் உள்ள வரக்கூடாதுன்னு தோட்டத்துக் கேட்டுல நிறுத்திட்டாங்க. பன்னெண்டு நாளாச்சு. ஆத்துக்கு அந்தப்பக்கம், கவுர்மெண்டு ரோட்டுலதான் மாட்டை அவுத்துவிட்டுட்டுக் கெடக்கான். ரெண்டும் நல்ல மாடு. கழுத்துல வெண்கலச் சலங்கை.

என்னய்யா, எந்திரிச்சிட்டீங்க. இன்னும் கொஞ்சம் சாயம். சரி, வேணாம். நேரமாச்சுன்னா நேரமாச்சுதான். போங்க, நான்தானே சொன்னேன், நெத்தியத் தொட்டுப் பாருங்கன்னு.

ஒரு நிமிசம். கேக்குதா? கீழ, ஆத்துப் பக்கம்.

சலங்கைதான்யா.

அப்பாடா. இருங்க, நான் கொஞ்சம் செவத்துல சாஞ்சுக்கிறேன். காது மந்தம்னு சொன்னது பொய்யிய்யா. நல்லாக் கேக்கும். புள்ளைய ஏத்துற வரைக்கும் சலங்கைக்குத் துணி சுத்தி வை, ஏத்திட்டு அவுத்துவிடு, மாமாவுக்குக் கேக்கணும்னு வேலாயி நேத்தே எம் மகனுக்குச் சொல்லி அனுப்பிட்டா. எந்த ஊருக்குன்னு கேக்காதீங்க. மானாப்புல்லு இல்லாத எடம். மழை புடிச்சுப் பூ உதுந்ததும் வந்துருவாங்க. முன்னால தும்மினது மாடசாமி இல்ல, கனகுதான். நீங்க வர்றதுக்கு முந்தியே செவத்துக்கு மேலால தூக்கிக் குடுத்தா வேலாயி, அந்தப்பக்கம் தனலெட்சுமி ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கிட்டா. அப்புறம் இவ கொடத்தோட பின்பக்கம் சுத்திப் போயி புள்ளைய எடுத்துக்கிட்டுப் போயிட்டா. உங்களைக் கிட்ட ஒக்கார வைக்கச் சொன்னதும், சலங்கை கேக்குற வரைக்கும் வாய மூடாமப் பேசச் சொன்னதும் அவதான். உங்க ஏட்டுல ஒரு ஆளு கொறையுதுன்னா என்னைய எழுதிக்கிட்டுப் போங்க, நான் தும்முறேன்.

கம்பிளியத் தூக்கிப் பாருங்கய்யா, பயப்பட ஒண்ணுமில்ல. நான் தச்ச மெத்தைதான். தூக்கிப்போட மனசு வராம வெறகு அடுக்குக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தேன், அவளுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு. இன்னைக்கு நேரா அங்க போயி எடுத்தாந்தா. ஒரு மண்முட்டியத் தலை மாதிரி கட்டி, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, கம்பிளியக் கழுத்து வரைக்கும் இழுத்து விட்டா. அப்பத்தான் உங்க நெழலு வாசல்ல விழுந்துச்சு. அவ திரும்பிக்கூடப் பாக்கல. மெதுவாக் குனிஞ்சு, அந்தப் புல்லு மூட்டையோட முதுகுல, தூங்கு தாயின்னு ரெண்டு தட்டுத் தட்டிட்டுத்தான் கொடத்தை எடுத்தா.