கம்பெனிப் பெட்டியும் என் பெட்டியும்

கொஞ்சம் இருங்க... நுகர்வோர் சட்டம், பிரிவு, உட்பிரிவுன்னு இன்னும் பேசினா பின்வரிசையில பாதிப் பேர் எழுந்துடுவீங்க. நாற்காலி நகர்ற சத்தம் எனக்குக் கேட்குது. அதனால சின்னதா ஒரு கதை சொல்லிடறேன். எங்க வீட்டுல நடந்த கதைதான்.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டறவன். சிங்காநல்லூர்ல முப்பத்தாறு வருசம். படிச்சது ஏழாவது. தொழிலை யாரும் சொல்லித் தரல. கேட்டேன், தரல. எரிஞ்ச மோட்டாரைப் பிரிச்சுப் பிரிச்சு நானே கத்துக்கிட்டேன்.

எங்க மருமக நித்யகலா, வீட்டுல இருந்தே பெங்களூர் ஆபீசுக்கு வேலை பார்க்குது. ஒரு நாள் அவங்க மேலதிகாரி சொல்லிட்டார்: "மீட்டிங் நடுவுல உங்க இன்டர்நெட் ரெண்டு தடவை நின்னு போச்சு. மூணாவது தடவை நின்னா வீட்டுல இருந்து வேலை பார்க்கறது கிடையாது. பெங்களூர் வந்துடுங்க."

பெங்களூர் போனா? மருமக அங்கே, என் மகன் இங்கே, பேத்தி யாருகிட்ட? யோசிச்சுப் பாருங்க... ஒரு பெட்டியால ஒரு குடும்பம் ரெண்டாகணுமா?

எந்தப் பெட்டி? இன்டர்நெட் கம்பெனி இனாமாக் கொடுத்த ரவுட்டர். இனாம்! தினம் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல எப்ப வேணும்னாலும் படுத்துக்கும்.

சர்வீஸுக்கு ஒருத்தர் வந்தார். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க அங்கிள், சரியாயிடும்."

"தினமுமா தம்பி?"

"தினமும்தான் அங்கிள்."

"தினமும் செஞ்சா அது ரிப்பேரா, பூஜையா?"

சிரிச்சார். கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டார்.

எனக்கு இன்டர்நெட் தெரியாதுங்க. ஆனா சூடு தெரியும். எங்க தொழில்ல ஒரு பழக்கம்... ஓடற மோட்டார் மேல உள்ளங்கையை வெச்சு எண்ணுவோம். பத்து எண்ணற வரைக்கும் கை தாங்கினா மோட்டார் நல்லா இருக்குன்னு அர்த்தம். அந்தப் பெட்டி மேல கையை வெச்சேன். ஒண்ணு... ரெண்டு... மூணு... எடுத்துட்டேன். உள்ளே வெந்துக்கிட்டிருக்கு! திறந்து பார்க்கலாம்னா சீல் ஒட்டியிருக்கு, 'கம்பெனி சொத்து'ன்னு. சரி, உங்க சொத்து உங்களுக்கே இருக்கட்டும்னு கடைக்குப் போய்ச் சொந்தமா ஒரு ரவுட்டர் வாங்கிட்டு வந்தேன்.

இங்கேதான் மோட்டார்க்காரன் புத்தியைப் பாருங்க. ஒரு மோட்டார் போனா அதே கம்பியில இன்னொண்ணை மாட்டுவோம், ஓடும். அதே மாதிரி பழைய பெட்டியைக் கழட்டிட்டுப் புதுசை மாட்டினேன். விளக்கெல்லாம் எரியுது. இன்டர்நெட் மட்டும் இல்லை. மணி ரெண்டேகால். மூணு மணிக்கு மருமகளுக்கு மீட்டிங்!

"மாமா, நெட் வரலீங்க... பழசையே மாட்டிடலாமுங்க."

உள்ளே இருந்து எங்க வீட்டுக்காரி தெய்வாத்தாள் குரல் வருது: "காயில் கட்டின கை சும்மா இருக்குமா? அந்தப் புள்ளையை பெங்களூருக்கு பஸ் ஏத்திட்டுத்தான் ஐயா உட்காருவாரு!"

பழசை மாட்டலாம். மாட்டினா? மீட்டிங் நடுவுல படுத்துக்கும். மாட்ட மாட்டேன்னுட்டேன். கம்பெனிக்குப் போன் போட்டேன். பாட்டுப் போட்டாங்க... ஏழு நிமிசம்! அப்புறம் ஒரு பொண்ணு பேசுச்சு.

"சார், உங்க லைனுக்குன்னு ஒரு பேரும் பாஸ்வேர்டும் இருக்கு. அதை ரவுட்டர்ல போட்டாத்தான் நெட் வரும்."

"சொல்லுங்க அம்மணி, போட்டுக்கறோம்."

"அதை வெளியே தர மாட்டோம் சார். எங்க ரவுட்டரைத்தான் நீங்க வெச்சுக்கணும்."

"அம்மணி, கரண்ட் ஆபீஸ்காரங்க மீட்டர் வரைக்கும் கம்பி இழுத்துக் கொடுக்கறாங்க. அவங்க மிக்ஸியிலதான் நான் சட்னி அரைக்கணும்னு சொல்றாங்களா?"

"எங்க வழக்கம் அப்படித்தான் சார்."

"நீங்க சொல்றது விதியா, வழக்கமா? விதின்னா படிச்சுக் காட்டுங்க. லைன் வாங்கறப்ப நான் கையெழுத்துப் போட்ட தாள் என் கையில இருக்கு. பதினாலு வரி. எத்தனாவது வரி, சொல்லுங்க."

"ஒரு நிமிசம் இருங்க சார்..."

மறுபடியும் பாட்டு. மணி ரெண்டேமுக்கால். மருமக லேப்டாப்பை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்குது. கண்ணு கடிகாரத்து மேலயே இருக்கு. அது எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

பாட்டு நின்னுச்சு. "சார்... அப்படி விதி எதுவும் இல்லீங்க சார். எழுதிக்கறீங்களா?"

பேரையும் பாஸ்வேர்டையும் நான் போன்ல கேட்டுக் கேட்டுச் சொல்றேன், மருமக லேப்டாப்புல தட்டுது. மூணு மணிக்கு அஞ்சு நிமிசம் இருக்கு... பச்சை விளக்கு!

போனை வைக்கறதுக்கு முன்னாடி கேட்டேன். "அப்புறம் ஏம்மா தர மாட்டோம்னீங்க?"

அந்தப் பொண்ணு சொல்லுச்சு: "இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லீங்க சார். அதனால, தரக்கூடாதுன்னே நாங்க நினைச்சுட்டிருந்தோம்."

நாலரை மணிக்கு மருமக கதவைத் திறந்துச்சு. "ஒரு தடவைகூட நிக்கலீங்க மாமா!" வீட்டுக்காரி பாராட்டினாளா? அதெல்லாம் பழக்கமில்லை. "பாட்டுக் கேட்டவருக்குத் தொண்டை காஞ்சிருக்கும்"னு காப்பியை முன்னால வெச்சுட்டுப் போனா. எனக்கு அது போதும். மருமக இன்னைக்கும் எங்க வீட்டுல இருந்துதான் வேலை பார்க்குது. கம்பெனிப் பெட்டியை எடுத்துட்டுப் போங்கன்னு நாலு தடவை சொல்லிட்டேன். பதினொரு மாசமாச்சு, யாரும் வரல.

இப்ப உங்களைக் கேட்கறேன். அந்தப் பொண்ணு பொய் சொல்லுச்சா? இல்லை. அதுவும் நம்பியிருக்கு, நாமளும் நம்பியிருக்கோம். இல்லாத ஒரு விதிக்குக் கொடுக்கறவங்களும் பயந்து, வாங்கறவங்களும் பயந்து... எத்தனை வருசம்!

நான் எல்லாரையும் ரவுட்டர் மாத்தச் சொல்லல. கொடுத்தது நல்லா ஓடினா ஓடட்டும். ஆனா உங்க வீட்டுக்குள்ளே எது இருக்கணும்கறதை இன்னொருத்தர் முடிவு பண்ணினா, கத்தாதீங்க, திட்டாதீங்க. 'எங்கே எழுதியிருக்கு, படிச்சுக் காட்டுங்க'ன்னு கேளுங்க. எழுதியிருந்தா ஒத்துக்குங்க. அது மரியாதை. எழுதலையா?

ஒரு அடிகூட நகராதீங்க.