எங்கன கோளாறு

இராமநாதபுரத்திலிருந்து தொண்டி போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் நாற்பது வயதுக்காரர்கள் இருவர்.

"எனக்கு நானே தினம் நாலு மெயில் போட்டுக்கிறேன் மாப்ள. எல்லாம் வந்துருது."

"கிறுக்காடா ஒனக்கு?"

"நம்ம கம்ப்யூட்டர் சென்டர்ல சொந்தமா மெயில் சர்வர் போட்டுருக்கேன்ல, அத சோதிக்கத்தான். மஸ்கட்ல இருக்க தம்பிக்குப் போட்டா மட்டும் பதில் வரல. குலசாமிக்குப் பொங்கல் வைக்க அவனும் தேதிக்குச் சம்மதிக்கணும். மூணு வெள்ளிக்கிழம போயிருச்சு."

"போன் போட வேண்டியதான?"

"அய்யா செத்ததுலருந்து நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல."

"கரண்ட் போனப்ப சர்வர் அணைஞ்சிருக்கும்."

"புது பேட்டரி போட்டாச்சு."

"அப்ப ஸ்பேம்ல கெடக்கும்."

"இல்ல. அவன் ரூம்ல இருக்க நம்மூருக்காரன் சொல்லிட்டான். எல்லாம் போய்ச் சேந்திருக்கு. தம்பி தொறந்து படிச்சிருக்கான்."

"பெறகென்ன, சர்வர் நல்லாத்தான இருக்கு?"

திருப்பாலைக்குடியில் பஸ் நின்று கிளம்பியது.

"நேத்து சர்வர்ல எல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்லருந்து போட்டேன் மாப்ள. எங்கனயாச்சும் ஒரு கோளாறு இருக்கணும்ல."